பம்பிங் டெஸ்ட் தரவை மடக்கை இடைவெளிப் புள்ளிகளாகக் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்வெல்லில் பம்பு ஓட்டி, பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று லாகர் (தானாக அளந்து பதியும் கருவி) வைத்துப் பதிவு செய்பவர்களுக்காக எழுதியது. லாகரிலிருந்து கோப்பை இறக்கியதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன.

நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறதே, எதற்குக் குறைக்க வேண்டும்?

இடத்தை மிச்சம் பிடிக்க அல்ல. 72 மணி நேர டெஸ்டில் விநாடிக்கு ஒரு அளவு எடுத்தால் 2,59,200 வரிகள் வரும், இன்றைய எந்த லேப்டாப்பும் அதை அலட்டிக்கொள்ளாமல் திறந்துவிடும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் சார்லஸ் தைஸ் 1935-இல் தந்த சமன்பாட்டை 1946-இல் கூப்பரும் ஜேக்கப்பும் சுருக்கி, போதுமான நேரம் ஓடிய பிறகு நீர்மட்டத் தாழ்வு நேரத்தின் மடக்கையோடு நேர்கோட்டில் போகும் என்று காட்டினார்கள். அதனால்தான் இன்றும் செமி-லாக் தாளில், அதாவது நேர அச்சு மட்டும் மடக்கையில் (லாக்) இருக்கும் தாளில், வரைகிறோம். அந்த அச்சில் 1 விநாடியிலிருந்து 10 விநாடி வரைக்கும் 7.2 மணியிலிருந்து 72 மணி வரைக்கும் ஒரே அகலம். முதல் இடத்தில் உங்களிடம் இருப்பது பத்துப் புள்ளி, இரண்டாவதில் 2,33,280. மொத்தத் தரவில் 90 சதவீதம் கடைசி லாக் சைக்கிளிலேயே (நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு துண்டும் ஒரு சைக்கிள்) குவிந்து கிடக்கிறது.

இதை அப்படியே கோடு பொருத்தும் மென்பொருளுக்குக் கொடுத்தால், கடைசி சைக்கிள் என்ன சொல்கிறதோ அதுதான் விடையாக வரும். கடைசி நாளில் தாழ்வுக் கூம்பு (பம்பைச் சுற்றி நீர்மட்டம் இறங்கிய கூம்பு வடிவப் பகுதி) ஒரு நீர் புகாத பாறைச் சுவரைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். ஒற்றை எல்லை என்றால் சரிவு போகப்போக இரண்டு மடங்காகிவிடும். பொருத்திய கோடு அந்தப் புதுச் சரிவைத்தான் பிடிக்கும், நீர்த்தாங்கியின் (நீரைத் தாங்கும் நிலத்தடி அடுக்கு) கடத்துதிறன், அதாவது அது நீரைக் கடத்தும் திறன், கிட்டத்தட்ட பாதியாகத் தெரியும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் சமமான எண்ணிக்கையில் புள்ளிகள் கொடுத்தால், சரிவு எங்கே மாறுகிறது என்று கண்ணுக்கும் தெரியும், கணக்குக்கும் தெரியும். குறைப்பதன் முழுக் காரணமும் இதுதான்.

மடக்கை இடைவெளி என்றால் சரியாக என்ன?

அடுத்தடுத்த புள்ளிகளின் நேரங்களுக்கு இடையே ஒரே வித்தியாசம் இல்லாமல், ஒரே விகிதம் இருப்பது. ஒரு சைக்கிளுக்கு 10 புள்ளி என்றால் ஒவ்வொரு நேரமும் முந்தையதைப்போல 1.259 மடங்கு, 20 புள்ளி என்றால் 1.122 மடங்கு. ரெசிஸ்டர் மதிப்புகள், ஒலி அளவியலின் மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவ் அலைவெண்கள் (1000, 1250, 1600, 2000 என்று போகுமே) எல்லாம் இதே சரக்குதான்.

லாகர் வருவதற்கு முன்னால் டேப்பை இறக்கிக் கையால் அளந்த காலத்திலும், முதல் சில நிமிடங்கள் அரை நிமிடத்துக்கு ஒன்று, அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, அரை மணிக்கு ஒன்று என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போனார்கள். கை ஓய்ந்துபோனதால் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு, ஆனால் வரைபடத்துக்கு அதுதான் தேவையாகவும் இருந்தது.

ஒரு லாக் சைக்கிளுக்கு எத்தனை புள்ளி வைக்கலாம்?

நான் 20 வைப்பேன். நேர்கோடு மட்டும் போட 10 போதும். 50-க்கு மேல் போனால் மறுபடி புள்ளிக் கூட்டம்தான், புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

20 என்று வைத்தால் 1 விநாடியிலிருந்து 2,59,200 விநாடி வரை 5.41 சைக்கிள், கணக்குப்படி 109 புள்ளிகள் வர வேண்டும். வராது. உங்கள் தரவு முழு விநாடிகளில்தான் இருக்கிறது. 1, 1.12, 1.26, 1.41 என்று கேட்டால் நான்குக்கும் கிடைப்பது அதே 1-வது விநாடி அளவுதான். திரும்ப வருபவற்றைக் கழித்தால் முதல் சைக்கிளில் 20-க்குப் பதில் 9 மட்டும் மிஞ்சும், மொத்தம் 98 ஆகும். திரும்ப வருவதைக் கண்டிப்பாக நீக்குங்கள், இல்லாவிட்டால் முதல் விநாடியின் அளவுக்கு நான்கு ஓட்டு கொடுத்ததாகிவிடும். முதல் விநாடிகளில் பம்புக் குழாய் நிரம்பிக்கொண்டிருக்கும், வெளியேற்றமும் நிலைக்கு வந்திருக்காது, அந்த அளவுக்கு ஓட்டே கொடுக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

லாகரையே லாக் முறையில் பதிவு செய்யச் சொன்னால் என்ன?

பல லாகர்களில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் லாகரின் கடிகாரம் எப்போது 'தொடக்கம்' என்று நினைக்கிறதோ அப்போதிலிருந்துதான் அது விரிக்கும். காலை 10:00 மணிக்கு என்று செட் பண்ணிவிட்டு, ஜெனரேட்டர் மக்கர் பண்ணி 10:20-க்கு பம்பு ஓடினால், அந்த நேரத்தில் லாகர் நிமிடக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் நிமிடத்து இறக்கம் மொத்தமும் போச்சு. பம்பை நிறுத்தும்போதும் இதே கதை: மீட்சியின் (மட்டம் திரும்ப ஏறுவதன்) முதல் விநாடிகள் வேண்டும், லாகரோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண் திறக்கும்.

நினைவகம் இடம் கொடுத்தால் ஒரே சீரான இடைவெளியில் பதிவு செய்யுங்கள், குறைப்பதை மேசையில் உட்கார்ந்து செய்யலாம். இல்லாத புள்ளியை மேசையில் உருவாக்க முடியாது. இடம் போதாத பழைய லாகர் என்றால் ஐந்து விநாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, முதல் சில நிமிடங்களுக்குப் பக்கத்தில் ஒருவரை டேப்போடு நிறுத்துங்கள்.

நேரம் பூஜ்யத்தை எங்கே வைப்பது?

பம்பு ஓடத் தொடங்கிய விநாடியில். லாகரைக் கிணற்றில் விட்ட நேரமோ, கோப்பின் முதல் வரியோ அல்ல. சாதாரண அச்சில் பத்து விநாடி பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மடக்கை அச்சில் 10-வது விநாடியில் இருக்க வேண்டியது 20-வது விநாடியில் போய் உட்கார்ந்தால் சைக்கிளில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே பிசகு ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஆரம்பப் பகுதி மட்டும் வளைந்து நெளிந்து தெரிந்தால், நீர்த்தாங்கியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்.

பம்பு ஓடுவதற்கு முந்தைய தரவுக்கு மடக்கை கிடையாது, அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். தாழ்வை எந்த மட்டத்திலிருந்து அளப்பது, கிணறு ஏற்கெனவே மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்ததா என்று அதுதான் சொல்லும். தனிக் கோப்பில் வையுங்கள்.

அந்தந்த நேரத்து அளவைப் பொறுக்கி எடுப்பதா, சுற்றியுள்ளவற்றைச் சராசரி எடுப்பதா?

சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான்.

பொறுக்கி எடுப்பது எளிது, நேர்மையானதும்கூட. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் லாகர் உண்மையிலேயே எழுதிய எண். ஆனால் அந்த ஒரு விநாடியில் யாராவது கேபிளைத் தொட்டிருந்தால், 28,000 நல்ல அளவுகளை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு கெட்ட அளவைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும். ஒன்றையொன்று சாராத இரைச்சலாக இருந்தால் நூறு அளவின் சராசரியில் பத்தில் ஒரு பங்காகும்.

அப்படியானால் சராசரிதானே? அவசரப்படாதீர்கள். கட்டங்களை (அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரத் துண்டுகளை) முழுசாகச் சராசரி எடுப்பது என்றால், 20 புள்ளிக் கணக்கில் 72 மணியில் முடியும் கடைசிக் கட்டத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? சுமார் 28,000 விநாடி, அதாவது ஏழே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு மணி நேரம் மின்சாரம் போய் வந்திருக்கலாம், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடி நின்றிருக்கலாம், காற்றழுத்தம் ஏறி இறங்கியிருக்கலாம். சராசரி அதையெல்லாம் கலக்கி ஒரு அழகான புள்ளியாகத் தரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

என் வழி இரண்டுக்கும் நடுவில்: மடக்கை இடைவெளியில் நேரங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்னச் சன்னலில் இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) எடுப்பது. சன்னலின் அகலம் அந்த நேரத்தில் ஐந்து சதவீதம், ஆனால் எக்காரணம் கொண்டும் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. சராசரி வேண்டாம், இடைநிலையே போதும். கேபிள் ஆடியதால் வந்த ஒற்றைக் குதிப்பு அதை அசைக்காது. முதல் சில விநாடிகளில் சன்னலுக்குள் ஒரே ஒரு அளவுதான் இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டத்தையே சராசரி எடுத்தேன். எந்த நேரத்தோடு அதைச் சேர்ப்பது?

கட்டத்தின் தொடக்க நேரம் அல்ல, முடிவும் அல்ல, சாதாரண நடு நேரமும் அல்ல. தாழ்வு நேரத்தின் மடக்கையோடு நேர்கோட்டில் போகிறது என்றால், தாழ்வின் சராசரி பொருந்துவது மடக்கைகளின் சராசரியோடு. ஆகவே கட்டத்துக்குள் இருக்கும் எல்லா நேரங்களுக்கும் மடக்கை எடுத்து, அதைச் சராசரியாக்கி, எதிர்மடக்கை எடுங்கள். பெருக்குச் சராசரி என்பது இதுதான். கட்டங்கள் குறுகலாக இருந்தால் வித்தியாசம் அற்பம். ஒரு சைக்கிளுக்கு மூன்று நான்கு கட்டம் என்று அகலமாக வெட்டுபவர்களுக்குக் கோடு முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், சரிவு தப்பித்தாலும் சேமிப்புக் கெழு (நீர்த்தாங்கி எவ்வளவு நீரைச் சேமித்து விடுவிக்கும் என்று சொல்லும் எண்) தப்பாது.

எக்ஸெல்லில் எப்படிச் செய்வது?

மேக்ரோ எதுவும் வேண்டாம். நேர நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை போடுங்கள். நேரத்துக்குப் பத்தடி மடக்கை எடுத்து, 20-ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிடுங்கள். அதுதான் கட்ட எண். அந்த எண்ணை வைத்து பிவட் டேபிள் போட்டால் ஒவ்வொரு கட்டத்தின் சராசரித் தாழ்வும், சராசரி மடக்கையும், கட்டத்துக்குள் எத்தனை அளவு இருந்தது என்பதும் ஒரே அட்டவணையில் வந்துவிடும். அந்த எண்ணிக்கை நெடுவரிசையை நீக்காதீர்கள். நடுவில் எங்காவது எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் லாகர் அங்கே தரவை விட்டிருக்கிறது. இந்த வழியில் வருவது முழுக் கட்டச் சராசரிதான், பிந்தைய கட்டங்களுக்கு முன்னால் சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு.

பைத்தானில் நம்பை (NumPy) நூலகத்தின் 'ஜியோம்ஸ்பேஸ்' நேரங்களைத் தரும். 'லாக்ஸ்பேஸ்' என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குத் தொடக்க, முடிவு நேரங்களைக் கொடுக்கக் கூடாது, அவற்றின் அடுக்குகளைக் கொடுக்க வேண்டும். 1, 259200 என்று கொடுத்துவிட்டு ஏன் முடிவிலி வருகிறது என்று கேட்பவர்கள் நிறைய. நேரங்களை முழு எண்ணாக்கி 'யூனிக்' வழியாக அனுப்பிவிட்டால் திரும்ப வருபவை போய்விடும்.

காற்றழுத்தத் திருத்தம் குறைப்பதற்கு முன்னாலா, பின்னாலா?

முன்னால். எல்லாத் திருத்தமும் முன்னால். காற்றுக்குழாய் இல்லாத லாகர் நீரின் அழுத்தத்தையும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது, 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 1 செ.மீ. நீர்மட்ட மாற்றமாகத் தெரியும். வெளியில் தொங்கவிட்ட பாரோமீட்டர் லாகரின் நேரங்களும் கிணற்று லாகரின் நேரங்களும் சீரான இடைவெளியில் இருக்கும்போது கழிப்பது சுலபம். மடக்கையாகக் குறைத்த பிறகு இரண்டையும் பொருத்துவது தலைவலி.

பம்பு நடுவில் நின்றுவிட்டது. இப்போது?

மடக்கை இடைவெளி ஒவ்வொரு நிகழ்வுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். 30-வது மணியில் பம்பு நின்று 40 நிமிடம் கழித்து ஓடியது என்றால், நின்ற விநாடி ஒரு புதுப் பூஜ்யம், மறுபடி ஓடிய விநாடி இன்னொரு பூஜ்யம். ஒரே பட்டியலாகக் குறைத்தால் அந்த இடத்தில் உங்கள் புள்ளிகளுக்கு இடையே மூன்றரை மணி நேர இடைவெளி இருக்கும், 40 நிமிடக் குழி அதற்குள் மறைந்தே போகலாம், அல்லது அதற்குள் ஒரே ஒரு புள்ளி விழுந்து வரைபடத்தில் பேய் மாதிரி தனியாக நிற்கும்.

பம்பிங் அளவைப் படிப்படியாகக் கூட்டும் ஸ்டெப் டெஸ்டுக்கும் இதே விதி, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் புதுத் தொடக்கம். மீட்சிக்கும் அப்படித்தான்: வரைவது மொத்த நேரத்தை நிறுத்திய பிறகான நேரத்தால் வகுத்த விகிதத்துக்கு எதிராக என்றாலும், புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது பம்பை நிறுத்திய பிறகான நேரத்தை வைத்து.

குறைத்த புள்ளிகளில் கணக்குப் போட்டால் விடை நம்பகமானதா? ஒரு உதாரணம்?

விநாடிக்கு 10 லிட்டர், அதாவது நாளுக்கு 864 கன மீட்டர் பம்பிங். 30 மீட்டர் தள்ளி கண்காணிப்புக் கிணறு. நேர்கோட்டுப் பகுதியில் ஒரு லாக் சைக்கிளுக்கு 1.2 மீட்டர் தாழ்வு. கடத்துதிறன் = 0.183 × 864 ÷ 1.2, நாளுக்கு சுமார் 132 சதுர மீட்டர். கோட்டைப் பின்னால் நீட்டினால் தாழ்வு பூஜ்யமாகும் நேரம் 2 நிமிடம் என்று வைத்தால், சேமிப்புக் கெழு = 2.25 × கடத்துதிறன் × அந்த நேரம் (நாள் கணக்கில்) ÷ தூரத்தின் வர்க்கம்; சுமார் 0.00046 வரும். அடைபட்ட நீர்த்தாங்கிக்கு (நீர் எளிதில் புகாத அடுக்கால் மூடப்பட்டது) பொருத்தமான எண்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கூப்பர்-ஜேக்கப் நேர்கோடு எப்போதிலிருந்து செல்லும்? தைஸ் சமன்பாட்டின் 'யு' (நேரம் கூடக்கூடக் குறையும் எண்) 0.01-க்குக் கீழே வர வேண்டும் என்ற கறாரான வரம்பை வைத்தால், இந்தக் கிணற்றுக்கு அது கிட்டத்தட்ட 113-வது நிமிடம். 0.05 போதும் என்று தளர்த்தினால் 23-வது நிமிடம். கறாரான கணக்கில் நேர்கோட்டுக்கு மிஞ்சுவது ஒன்றரைச் சைக்கிள்தான், 98 புள்ளிகளில் 31 அல்லது 32. குறைத்த தரவில் ஆரம்பப் புள்ளிகள் எடுப்பாகத் தெரிவதால் அவற்றையும் சேர்த்துக் கோடு போடும் ஆசை வரும். போடாதீர்கள், அந்தப் பகுதியைத் தைஸ் வளைகோட்டோடு பொருத்துங்கள்.

புள்ளியியல் தெரிந்தவர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள்: 28,000 அளவின் சராசரிக்கும் ஒற்றை அளவுக்கும் ஒரே எடை கொடுப்பது சரியா என்று. இரைச்சல் மட்டும்தான் பிழை என்றால் சரியில்லைதான். ஆனால் மூன்றாவது நாளில் பிழை சென்சார் இரைச்சலால் வருவதில்லை. பம்பிங் அளவு தளும்புவது, காற்றழுத்தம், பக்கத்துக் கிணறுகள், இவற்றால் வருகிறது. எத்தனை ஆயிரம் அளவைச் சராசரி எடுத்தாலும் அது குறையாது. சம எடையே கொடுங்கள்.

டெரிவேட்டிவ் வரைபடம் போட்டால் புள்ளிகள் சிதறிப்போகின்றனவே?

முழுத் தரவில் போட்டிருப்பீர்கள். தாழ்வை நேரத்தின் இயல் மடக்கையால் வகையிடுவது எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் 1980-களில் பரவலாக்கிய முறை, டொமினிக் பூர்தேயின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் டெரிவேட்டிவ் கடைசியில் 0.52 மீட்டரில் தட்டையாக நிற்க வேண்டும். இரண்டாம் நாள் முடிவில் அடுத்தடுத்த இரண்டு விநாடிகளின் மடக்கை வித்தியாசம் 0.0000058. அந்த இரண்டு அளவுகளுக்கு இடையே 1 மி.மீ. இரைச்சல் இருந்தால் டெரிவேட்டிவில் 173 மீட்டர் பிழை! 20 புள்ளிக் கணக்கில் குறைத்த தரவில் அதே வித்தியாசம் 0.115, பிழை 9 மி.மீ. மட்டுமே. குறைத்த பிறகும் கொஞ்சம் ஆடினால், பக்கத்துப் புள்ளியை விட்டுவிட்டு, மடக்கையில் 0.2 அல்லது 0.3 தள்ளி இருக்கும் புள்ளிகளை வைத்துச் சரிவு எடுங்கள்.

திறந்தவெளிக் கிணற்றுக்கும் இது பொருந்துமா?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை, பெரிய விட்டமுள்ள கிணறுகள் ஏராளம், ஆகவே இந்தக் கேள்வி நிறைய வரும். 6 மீட்டர் விட்டக் கிணற்றின் பரப்பு 28 சதுர மீட்டர். விநாடிக்கு 10 லிட்டர் எடுத்தால், கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும் குறைவதாலேயே மட்டம் நிமிடத்துக்கு 2 செ.மீ. சீராக இறங்கும். முதல் மணி நேரத்தில் நீங்கள் அளப்பது பெரும்பாலும் கிணற்றின் கொள்ளளவைத்தான், பாறையை அல்ல. பம்பு ஓடும் கிணற்றிலேயே அளக்கிறீர்கள் என்றால் ஆரம்ப விநாடிகளுக்கு அடர்த்தியாகப் புள்ளி வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை, நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். கணக்குக்கும் தைஸை விட்டுவிட்டு, 1967-இல் பாப்படோபுலோஸும் கூப்பரும் பெரிய விட்டக் கிணறுகளுக்காகத் தந்த தீர்வுக்குப் போங்கள்.

இரைச்சல் நிறமாலை போன்ற வேறு தரவுக்கும் இதே முறை சரியா?

இடைவெளி விஷயத்தில் சரி, சராசரி விஷயத்தில் கவனம். நிறமாலையை டெசிபலாக்கிவிட்டுச் சராசரி எடுக்காதீர்கள். ஒற்றை பீரியடோகிராமின் (ஒரே பதிவிலிருந்து கணக்கிட்ட நிறமாலை) மதிப்புகளை டெசிபலில் சராசரி எடுத்தால் உண்மையை விட 2.5 டெசிபல் குறைவாக வரும். திறனைச் சராசரி எடுத்து, கடைசியில் டெசிபலாக்குங்கள். கூர்மையான தனிக் கோடு ஏதாவது இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்னிணைப்பு இரைச்சல் மாதிரி, அதைக் கட்டத்துக்குள் கலக்காமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அறிக்கையில் என்ன எழுதுவது?

அசல் இடைவெளி, சைக்கிளுக்கு எத்தனை புள்ளி, பொறுக்கியதா சராசரியா, சன்னல் அகலம், பூஜ்ய நேரம் எது, குறைப்பதற்கு முன் என்னென்ன திருத்தம். நான்கு வரி போதும். குறைத்த அட்டவணையை இணைப்பாகக் கொடுங்கள், லாகரின் அசல் கோப்பையும் தொடாமல் கூடவே கொடுங்கள். அதை வாங்கித் திறந்து பார்ப்பவர் முதலில் தேடப்போவது பம்பு எப்போதெல்லாம் நின்றது என்பதை, அது 98 புள்ளிகளில் கிடைக்காது.